நடுராத்திரி மீன் பேரம்

போன மாதம் ஒரு நாள் ஆபீஸ் மேஜையிலேயே தூங்கிவிட்டேன். மை காயாத ரசீதின் மேல் முகம். எழுந்தபோது கன்னத்தில் 'ஐஸ் கட்டி பன்னிரண்டு' என்று பதிந்திருந்தது — கண்ணாடியில் பார்த்தால் மட்டும் நேராகத் தெரியும்படி!

எதிரே புது மேனேஜர்.

"என்ன கிராணி, நல்ல தூக்கமா? இன்னொரு தடவை பார்த்தேன்... பழையபடி ராத்திரி ஷிப்ட்தான்."

விஷயம் இதுதான். தெங்கேரா பக்கம் ஒரு ஐஸ் பேக்டரியில் ஒன்பது வருஷம் ராத்திரி கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்தேன். விடியற்காலையில் மீன் படகுகளுக்கு ஐஸ் எண்ணிக் கொடுத்துவிட்டு, காஜா பேராங் வீட்டுக்கு வந்து படுப்பேன். நான் வரும்போது மனைவி ராஜம் எழுந்திருப்பாள். அவள் படுக்கும்போது நான் சைக்கிளை எடுப்பேன். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டதை எண்ணினால் ஒரு கையிலேயே விரல் மிஞ்சும்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. மேனேஜராக இருந்த வெள்ளைக்காரத் துரை கப்பலேறினார். அவர் நாற்காலிக்குப் பெரிய கிராணி, பெரிய கிராணி நாற்காலிக்குப் பகல் கிராணி... கடைசியில் பகல் நாற்காலி எனக்கு! நாட்டின் விடுதலையில் என் பங்கு.

இதை என் கண்களுக்கு யாரும் சொல்லவில்லை. ராத்திரி முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். சூடான பால், உள்ளங்காலில் நல்லெண்ணெய் — ஒன்றும் பலிக்கவில்லை. நூறிலிருந்து தலைகீழாக எண்ணச் சொன்னார் ஒரு நண்பர். எண்ணினால் தூக்கம் வருமா? ஒன்பது வருஷம் எண்ணியே விழித்திருந்தவன் நான்!

மேனேஜர் மிரட்டிய அன்று ராத்திரி ராஜம் எழுந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, உங்களுக்குச் சத்தமில்லாமத் தூக்கம் வராது. பகல்ல நான் மீன்காரரோட மல்லுக்கட்டுறப்பதானே உங்க குறட்டையே ஆரம்பிக்கும்?"

தொண்டையைச் செருமிக்கொண்டாள். தினமும் காலை பத்து மணிக்குக் கிளேபாங்கிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவரும் பாக் மாட்டை இருட்டில் கற்பனையாக நிறுத்திவைத்து, மலாயில் பேரத்தை ஆரம்பித்தாள்.

"மாஹால்லா, பாக் மாட்! இவ்வளவு விலையா? இது மீனா, தங்கமா? கண்ணைப் பாருங்க, முந்தாநாள் பிடிச்சது!"

மீனின் கண்ணைப் பற்றிப் பேசும்போதே என் கண் மூடிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது ராஜம் காலையில் சொல்லித்தான் தெரியும். அவள் பேரம் பேசிப் பேசி விலையைப் பாதிக்கு இறக்கியபோது கதவு தட்டும் சத்தம். பக்கத்து வீட்டு பீபி — தமிழ் மறந்து தலைமுறைகளாக மலாயே பேசும் செட்டி வீட்டு அம்மாள் — கையில் தட்டோடு நிற்கிறார்.

"ராஜம், இந்த விலைக்கா முடிச்சே? எனக்கும் ரெண்டு எடு! எங்கே பாக் மாட்?" என்றாராம் மலாயில்.

புருஷனைத் தூங்கவைக்கிறேன் என்று சொல்ல முடியுமா?

"இப்பத்தான் போனார், பீபி."

மறுநாள் பாக் மாட் தெருவில் நுழைந்ததும் பீபி சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். "ராத்திரி ராஜத்துக்குக் குடுத்த விலை எனக்குக் கிடையாதா?" பின்னாலேயே இன்னும் நான்கு வீட்டுப் பெண்கள். பாவம், தானே தூக்கத்தில் நடந்து வந்து விற்றுவிட்டோமோ என்று அந்த மனிதர் விழித்தாராம்!

இப்போது நான் ராத்திரி பத்து மணிக்கே குறட்டை. மேனேஜரும் சிரிக்கிறார். பாக் மாட் மட்டும் எங்கள் தெருப் பக்கமே வருவதில்லை.

ராத்திரியில் ராஜமும் நானும் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம் — கருவாடு.