மயோர்க்கா மாதாவுக்கு ஒரு நேத்தி

டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் இன்னாசித்தம்பியைத் தெரியாத தமிழர் கிடையாது. பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறார். தங்கமான மனிதர். ஒரேயொரு குறை, யோசிப்பதற்கு முன்னமே வாய் திறந்துவிடும். திறந்தபின் அந்த வாய் சொன்னதைக் காப்பாற்ற மிச்ச உடம்பு முழுவதும் ஓடித் திரியும்.

லீவு என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான்: சொந்தக்காரர் வீடு. இருபது வருட டென்மார்க் வாழ்க்கையில் அந்தக் குடும்பம் ஐரோப்பா முழுவதும் சுற்றியிருக்கிறது என்று பெயர். உண்மையில் பார்த்ததெல்லாம் பாரிசில் மச்சாளின் வரவேற்பறை, லண்டனில் சித்தப்பாவின் வரவேற்பறை, டோர்ட்முண்டில் இன்னொரு மச்சாளின் வரவேற்பறை. ஈஃபிள் கோபுரத்தைக்கூட மச்சாள் வீட்டுக் குசினி யன்னலால்தான் பார்த்தார்கள். அதுவும் நுனி மட்டும்.

"ஒரு சொந்தமும் இல்லாத ஊருக்குப் போய் என்ன செய்யிறது? ஆரின்ர வீட்டில சாப்பிடுறது?" என்பார். கடற்கரைக்குப் போவோம் என்று யாராவது சொன்னால் இன்னும் கோபம் வரும். "நான் பேசாலைக்காரன், கடலில தொழில் செய்யிற சனம். மணலில சும்மா படுத்துக் கிடக்கிறவனை எங்கட ஊரில ஆசுபத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு போவினம்."

மனைவி பற்றிமாவின் கதை வேறு. அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே இங்கர் என்றொரு கிழவி இருந்தாள். பெற்ற மகனின் பெயர் மறந்துபோயிற்று, காலையில் சாப்பிட்டது மறந்துபோயிற்று, ஆனால் இளம் வயதில் போய்வந்த மயோர்க்கா தீவு மட்டும் ஒரு சொட்டும் சிந்தாமல் அப்படியே இருந்தது. பற்றிமா தலை வாரிவிட, கிழவி தினமும் அந்தத் தீவைச் சுற்றிக் காட்டுவாள். சோயேர் என்ற ஊரில் தோடம்பழ மரங்களுக்கு நடுவே மரத்தால் செய்த ட்ராம் போகும். நிலத்துக்குக் கீழே குகை, குகைக்குள் ஏரி, ஏரியில் வள்ளம், வள்ளத்தில் வயலின் வாசிப்பார்கள். வால்டெமோசாவில் உருளைக்கிழங்கு போட்டுச் செய்த பணிஸ், வாயில் வைத்தால் கரையும். இப்படிக் கேட்டுக் கேட்டு, போகாமலே பற்றிமாவுக்கு அந்தத் தீவு அத்துப்படி ஆகிவிட்டது.

ஒடென்சேயில் தாதிப் படிப்புப் படிக்கும் மகள் ஷரோனுக்கு இது தெரியும். அம்மாவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கென்று, மாரியில் ஒருநாள், அப்பாவிடம் கேட்காமலே யூலை மாதத்துக்கு மூன்று பேருக்கும் மயோர்க்கா பயணம் பதிந்துவிட்டாள்.

அதற்குள் மே மாதம் வந்தது. நம் நாட்டில் சண்டை முடிந்தது. எப்படி முடிந்தது என்று நான் எழுதத் தேவையில்லை. பற்றிமாவின் தம்பி குடும்பம் முகாமிலிருந்து தொலைபேசி எடுத்தது. எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். பற்றிமா அன்றைக்குத் தரையில் இருந்து அழுதாள். அடுத்த தெருப் பவளராணி வீட்டில் தொலைபேசி அடிக்கவில்லை. அவளுடைய கடைசித் தம்பி நீக்கிலாசைப் பற்றிச் சித்திரைக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. மணி அடித்த வீடு, அடிக்காத வீடு என்று ஊர்ச்சனம் இரண்டாகப் பிரிந்துபோனது. அடித்த வீட்டுக்காரருக்கு அடிக்காத வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கவே கூச்சம்.

"இந்த நேரத்தில லீவு வேண்டாம். சனம் என்ன சொல்லும்?" என்றார் இன்னாசித்தம்பி.

பற்றிமா அடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "இவ்வளவு காலமும் சண்டை எண்டு சொன்னீங்கள். சரியெண்டு இருந்தன். இப்ப அதுவும் முடிஞ்சுது. நான் இஞ்சயே இருந்து டீவியைப் பார்த்துக்கொண்டிருந்தா எனக்கு விசர் பிடிக்கும். நான் போறன். நீங்கள் வந்தா வாங்கோ."

ஆக, போவது நிச்சயம். யாருக்கும் தெரியாமல் போவது என்று இன்னாசித்தம்பி தீர்மானித்தார். பில்லுண்ட் விமான நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது. அதிகாலையில் ஏறினால் யார் காண்பது? வெயிலில் கறுத்துத் திரும்பினால்கூடப் பிரச்சினையில்லை, அந்த விஷயத்தில் கடவுள் முன்கூட்டியே உதவி செய்திருக்கிறார் என்று தனக்குள்ளே சிரித்துக்கொண்டார்.

பயணத்துக்கு முன்வந்த ஞாயிறு தமிழ்ப் பூசை. முடிந்ததும் கீழ் மண்டபத்தில் கோப்பியும் ரோல்சும். பவளராணி நேரே அவரிடம் வந்தாள். மாதர் சங்கத் தலைவி. ஊரில் எல்லோருக்கும் அவள் கண்ணுக்குப் பயம். மே மாதத்துக்குப் பிறகு அவள் துக்கத்துக்கும் பயம்.

"அண்ணை, லீவாமே. எங்கயாவது போறியளோ?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்த வாய் விடுமா?

"ஒரு நேத்தி இருக்கு, தங்கச்சி. ஸ்பெயினில ஒரு மாதா கோயில். பற்றிமான்ர தம்பியாக்கள் தப்பினதுக்கு."

முழுப் பொய்யும் இல்லை. தீவின் மலைக்குள் யுக் என்ற இடத்தில் பழைய மாதா கோயில் இருப்பதாகப் பற்றிமாவின் பயணப் புத்தகத்தில் படம் பார்த்திருந்தார். அந்தப் படம்தான் ஆபத்துக்கு உதவியது.

உதவியதாக அவர் நினைத்தது அன்று பின்னேரம்வரைதான். பின்னேரம் வாசல்மணி அடிக்கத் தொடங்கியது. நேத்திக்கடன் தீர்க்கப் போகிறவரின் கையில் மெழுகுதிரி கொடுத்துவிடுவது நம் சனத்தின் வழக்கமல்லவா, அதை அவர் மறந்தே போனார். மேரிசெலின் ஒரு தடித்த மெழுகுதிரியோடு வந்தாள். விபோர்க்கிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்து நான்கு கொடுத்தது. ஒருவர் மகனின் ஞானஸ்நான மெழுகுதிரியைக் கொண்டுவந்தார். செலீனாவுக்குக் கடையில் வேறொன்றும் கிடைக்கவில்லை, வனிலா வாசனை போட்ட ஊதா நிறக் கிண்ணம் ஒன்றை நீட்டினாள். எல்லாவற்றிலும் ஒவ்வொரு பெயர், ஒட்டியோ கட்டியோ.

கடைசியாகப் பவளராணி. ஒல்லியான வெள்ளை மெழுகுதிரி.

"நீக்கிலாசுக்கு. என்னத்துக்கு எண்டு ஒண்டும் சொல்லாதையுங்கோ அண்ணை. உயிரோட இருக்கிறவனுக்கோ, போனவனுக்கோ, எனக்கே தெரியாது. நீங்கள் ஏத்துங்கோ. மாதாவுக்குத் தெரியும்."

அவள் போனபிறகு இன்னாசித்தம்பி கதவடியில் அந்த மெழுகுதிரியோடு நெடுநேரம் நின்றார். "பற்றிமா, நான் வசமா மாட்டிப்போட்டன்," என்றார். அவளுக்கு அவரைப் பார்க்க ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. காற்சட்டைகளை வெளியே எடுத்துவிட்டு மெழுகுதிரிப் பையைப் பெட்டிக்குள் வைத்தாள்.

மயோர்க்காவில் இறங்கியதும் மனிதர் முழு யாத்திரிகராக மாறினார். கோயில் இல்லாத இடத்தில் கால் வைக்கமாட்டார். பல்மா நகரத்தில் கடலோரம் நிற்கும் பேராலயத்துக்குள் நுழைந்து மூன்று செபமாலை முடித்துத்தான் வெளியே வந்தார். பற்றிமா படியில் இருந்து ஐஸ்கிறீம் குடித்தாள். சோயேரில் மர ட்ராம் ஏறுவதற்கு முன் அங்கேயும் ஒரு கோயில் கண்டுபிடித்தார். குகைக்குள் வயலின் வாசித்தபோது எழுந்து நின்று சிலுவை போட்டார். பின்னால் இருந்த ஜெர்மன்காரர்கள் திகைத்துப் போனார்கள். வால்டெமோசாவில் மட்டும் கொஞ்சம் தளர்ந்தார். அங்கே வீட்டுக்கு வீடு கதவோரம் ஒரு புனிதையின் படம் பதித்த ஓடு இருந்தது. "பார், இது கிறிஸ்தவ ஊர்," என்று நிம்மதியோடு உருளைக்கிழங்குப் பணிஸ் ஐந்து தின்றார். இங்கர் சொன்னது உண்மை, அது வாயில் கரைந்தது.

மெழுகுதிரிப் பையை அவர் விடுதியில் வைக்கவில்லை. துப்புரவு செய்கிறவர்கள் குப்பை என்று எறிந்துவிடுவார்களாம். வாடகைக் காரின் பின்பெட்டியில் வைத்துக்கொண்டே திரிந்தார்.

யுக் மலைக்குப் போகிற நாள் வந்தது. வழியில் அல்கூடியா என்ற கடற்கரை ஊர். பழைய மதிலைப் பார்த்தாயிற்று, அதற்கப்பால் பச்சையும் நீலமுமாகக் கடல்.

"அரை மணித்தியாலம்," என்றாள் பற்றிமா. "நான் காலை நனைச்சிட்டு வாறன்."

"நீங்கள் போங்கோ. நான் கரையில நிக்கிறன்."

ஷரோன் ஒரு குளிக்கும் காற்சட்டையை நீட்டினாள். முன்னமே வாங்கி வைத்திருக்கிறாள், கள்ளி. சிவப்பு நிறம், அதில் மஞ்சள் அன்னாசிகள். "பப்பா, ஒருக்காப் போட்டுப் பாருங்கோ. ஒருத்தரும் பார்க்கமாட்டினம்."

முழங்காலளவு தண்ணீரில் இறங்கினார். பிறகு இடுப்பளவு. பிறகு என்ன நடந்ததென்று அவருக்கே தெரியாது. தண்ணீர் சூடாக இருந்தது. இருபது வருடமாக டென்மார்க்கில் கடலென்றால் கம்பளிச்சட்டையோடு நின்று பார்க்கிற சாம்பல் நிறச் சாமான் என்றே நினைத்திருந்த மனிதர், வழுக்கி விழுந்தார், முழுகினார், மிதந்தார், மல்லாந்து கிடந்து வாயால் தண்ணீர் பீச்சினார். பற்றிமாவின் மேல் தண்ணீர் அடித்தார். அவள் சிரித்த சிரிப்பில் கரையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அரை மணித்தியாலம் எங்கேயோ போயிற்று. மத்தியான வெயில் மணலைக் காய்ச்சியது, காரையும் காய்ச்சியது.

யுக் கோயில் வாசலில் பின்பெட்டியைத் திறந்தபோது முதலில் வந்தது வனிலா வாசனை.

பைக்குள் மெழுகுதிரி ஒன்றுகூட இல்லை. ஒரு கட்டி இருந்தது. பூசணிக்காய் அளவில், வெள்ளையும் மஞ்சளும் ஊதாவும் குழம்பி, அங்கங்கே திரிகள் வெளியே நீட்டிக்கொண்டு. பெயர்க் கடதாசிகள் உள்ளே போய்விட்டன. எது யாருடையது என்று மாதாவே வந்தாலும் பிரித்தெடுக்க முடியாது.

இன்னாசித்தம்பி படியில் இருந்துவிட்டார். "நாசமாப் போச்சு. அங்க சனம் என்னை நம்பித் தந்தது. நான் அன்னாசிக் காற்சட்டையோட நீந்திக்கொண்டு நிண்டிருக்கிறன். அந்தப் பிள்ளை பவளராணிக்கு நான் என்ன சொல்லுவன்?" கண் கலங்கிவிட்டது. பகிடியில்லை, உண்மையாகவே அழுதார்.

"ஸ்லப் அவ், பப்பா," என்றாள் ஷரோன். பதறாமல் இருங்கள் என்பதை டென்மார்க்கில் பிறந்த பிள்ளைகள் அப்படித்தான் சொல்லும். அவள் கோயிலுக்குள் ஓடி, சாவிக்கொத்தோடு ஒரு வயதான அம்மாவைக் கூட்டிவந்தாள். அந்த அம்மா கட்டியைப் பார்த்தாள், அழுகிற மனிதரைப் பார்த்தாள், பேசாமல் போய் ஒரு பழைய இரும்புத் தட்டைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தாள்.

உள்ளே மாதாவைப் பார்த்ததும் இன்னாசித்தம்பிக்கு மூச்சு வந்தது. கறுத்த மாதா. "எங்கட நிறமடி, பற்றிமா! இவவுக்கு எங்களை விளங்கும்," என்று சத்தமாகவே சொன்னார்.

முற்றத்தில் திரிகளை ஒவ்வொன்றாக விரலால் கிளப்பிக் கொளுத்தினார்கள். முதலில் ஒழுங்காகத்தான் எரிந்தது. பிறகு சுடர்கள் ஒன்றையொன்று பிடித்தன. குப்பென்று இடுப்பளவு நெருப்பு. உல்லாசப் பயணிகள் படமெடுக்க ஓடிவந்தார்கள். சாவிக்கொத்து அம்மா வாளி எடுக்க ஓடினாள். தண்ணீர் வந்துசேர்வதற்குள் சொல்லி முடிக்கவேண்டும் என்று இன்னாசித்தம்பி ஞாபகத்திலிருந்த பெயரெல்லாவற்றையும் ஏலம் கூறுகிறவரைப்போல ஒரே மூச்சில் சொன்னார். விட்டதைப் பற்றிமா எடுத்துக்கொடுத்தாள். "நீக்கிலாஸ்!" என்று அவர் கத்தவும் வாளித் தண்ணீர் விழவும் சரியாக இருந்தது.

ஊருக்குத் திரும்பிய அன்று இன்னொரு இடி. பில்லுண்டில் பெட்டிக்குக் காத்துநிற்கும்போது ஷரோன் தயங்கித் தயங்கிச் சொன்னாள், அன்னாசிக் காற்சட்டையோடு அப்பா மல்லாந்து மிதந்து தண்ணீர் பீச்சுகிற படத்தை அவள் பேஸ்புக்கில் போட்டிருக்கிறாளாம். சிநேகிதிகளுக்குத்தான் போட்டாளாம். மேரிசெலினின் மகளும் சிநேகிதிதானாம். கிரின்ஸ்டெட்டிலும் விபோர்க்கிலும் பார்க்காதவர் இல்லையாம்.

"எடு அதை! இப்பவே எடு!" என்று கத்தினார். அவளுடைய தொலைபேசியில் சார்ஜ் இல்லை. வீட்டுக்குப் போனபின் அவள் மறந்துவிட்டாள், அவர் காய்ச்சல் என்று படுத்துவிட்டார்.

அடுத்த தமிழ்ப் பூசைக்குப் பற்றிமாதான் அவரை இழுத்துக்கொண்டு போனாள். மண்டபத்தில் அவர் நுழைந்ததும் கதை நின்றது. ரோல்சைக் கையில் எடுத்தவர் அதைத் திருப்பித் தட்டில் வைத்தார். பவளராணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணை, மெழுகுதிரி ஏத்தினீங்களோ?"

இந்த முறை அந்த வாய் பொய் தேடவில்லை. "ஏத்தினன், தங்கச்சி. ஆனா தனித்தனிய இல்லை. நான் கடலுக்கை நிண்ட நேரம் எல்லாம் வெயிலுக்கு உருகி ஒரே கட்டியாப் போச்சு. உன்ரயும் அதுக்குள்ளதான். அப்பிடியே சேர்த்துக் கொளுத்திப்போட்டன். என்னை மன்னிச்சிடு."

"எல்லாற்ரயும் சேர்ந்தோ?"

"ஓம்."

"அது நல்லது அண்ணை," என்றாள். "அவன் சின்னனில இருந்தே தனிய நிக்கப் பயந்தவன்."

அவள் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். வாயோரம் ஏதோ துடித்தது.

"அந்தப் படமும் பார்த்தனான். உங்கட வண்டி வயிறும், அன்னாசியும், அந்தத் தண்ணியும்... ஐயோ மாதாவே! மே மாசத்துக்குப் பிறகு நான் சிரிச்சது அண்டைக்குத்தான். சத்தம் கேட்டு மனுசன் குளியலறையால ஓடிவந்தவர்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குத் திரும்பவும் சிரிப்பு வந்துவிட்டது. மண்டபமும் பிடித்துவைத்திருந்த சிரிப்பை விட்டது.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னமே ஷரோனுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"இன்னும் எடுக்கேல்லை பப்பா, சொறி, இப்ப எடுக்கிறன்," என்றாள் அவள்.

"எடுக்காதை பிள்ளை. இருக்கட்டும். நான் தண்ணிக்குள்ள வழுக்கி விழுந்த படமொண்டும் இருக்கெல்லே, அதையும் போடு."