வெடிக்காத களாப்பழம்

சுலோசனாவுக்கு மூடி வைத்த பாத்திரத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. யார் வீட்டுக்குப் போனாலும் நலம் விசாரித்து முடிப்பதற்குள் கண் அடுப்படிக்குப் போய்விடும். சத்தியவேட்டில் பிறந்து, பிச்சாட்டூர் ஏரிக்குப் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், மாமியார் இதைத் திருட்டுப் புத்தி என்று நினைத்து அடுப்படிப் பக்கமே விடவில்லையாம். திருட்டும் இல்லை, பெருந்தீனியும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது, எப்படிச் செய்தார்கள் என்பது தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிறாள். கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவளின் டிபன் பாக்ஸைத் திறந்து பார்க்காமல் அவளுக்கு ஊர் வந்து சேராது. ஒருமுறை ஒரு கொரியாக்கார இஞ்சினியர் தன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எதிரில் போய் நின்று கையாலேயே கேட்டிருக்கிறாள், அது என்ன என்று. அந்த மனிதர் பாவம், ஒரு துண்டு கொடுத்தார். "கெட்டுப்போன கோஸு மாதிரி கீது, ஆனா நல்லா கீது" என்று அதை ஒரு வாரம் பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

கணவர் சம்பத் இதற்கு நேர் எதிர். எதையும் கேட்க மாட்டார், கேட்க வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. குழம்பை நாக்கில் வைத்தால் மிளகாய் எந்த ஊர் மிளகாய் என்று சொல்லிவிடுவார். நெல்லும் நிலக்கடலையும் போடுகிற சம்சாரிதான், ஆனாலும் ஆடி மாதக் கெங்கம்மா கோயில் ஜாத்திரைக்குத் தெருவில் கறி வெந்தால் அவர் கரண்டி போடாமல் இறங்காது.

போன வருசம் ஒரு காய்ச்சல் வந்து மூக்கையும் நாக்கையும் வாரிக்கொண்டு போய்விட்டது. காய்ச்சல் போயிற்று, வாசனையும் ருசியும் திரும்பவில்லை. திருப்பதியில் பார்த்த டாக்டர் வரும் என்றார், எப்போது என்று சொல்லவில்லை. அதிலிருந்து அவர் சோற்றை மாத்திரை மாதிரிதான் விழுங்குகிறார். அதைக்கூடச் சுலோசனா பொறுத்துக்கொண்டாள். பந்தியில் உட்காருவதை அவர் நிறுத்தியதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எப்படி இருக்கிறது மாமா, காரம் போதுமா மாமா என்று யாராவது கேட்பார்கள், என்ன சொல்வது? கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் பந்தி போடுகிற நேரத்தில் மோட்டார் போட வேண்டும் என்று நிலத்துக்கு நடையைக் கட்டிவிடுவார். கரண்ட் இல்லாத நேரத்திலும் போவார்.

இந்த நிலைமையில்தான் அமெரிக்காவில் வேலை பார்க்கிற மகள் யாமினி, ஊருக்கு வந்த ஒருத்தர் கையில் சாமான் அனுப்பினாள். அதில் உலர்ந்த சிவப்புப் பழம் ஒரு பொட்டலம். கிரான்பெர்ரியாம். பொட்டலத்தைப் பிரித்த சுலோசனா, முதல் பழத்தைத் தான் தின்னாமல் கணவர் வாயில் போட்டாள். போட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் மென்றார், யோசித்தார், நாக்கு ஓரத்தில் லேசாகப் புளிப்பு தெரிகிற மாதிரி இருக்கிறது என்றார்.

அப்புறம் அவளை யார் பிடிப்பது? உடனே மகளுக்குப் போன். இந்தப் பழத்தை அங்கே என்ன செய்கிறார்கள், எதோடு தின்கிறார்கள், செடியா கொடியா என்று ஒரே கேள்வி. யாமினி போட்டோ அனுப்பினாள். நவம்பரில் அங்கே ஒரு பண்டிகை வரும், குடும்பம் மொத்தமும் ஒன்றாக உட்கார்ந்து வான்கோழிக் கறி தின்பார்கள், அதற்குத் தொட்டுக்கொள்ள இதில் ஒரு சாஸ் காய்ச்சுவார்கள் என்று சொன்னாள். கறிக்கு இனிப்பைத் தொட்டுக்கொள்கிறார்களா என்று சுலோசனாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்தாள். உருண்டை, சிவப்பு, பளபளப்பு. அட, நம் ஊர் களாப்பழம்.

காய்ந்த பழத்துக்கே நாக்கு லேசாக முழித்துக்கொண்டது என்றால், புதுப் பழத்தைச் சாஸாகக் காய்ச்சிக் கறியோடு கொடுத்தால் என்ன ஆகும்? ஜாத்திரை அன்றைக்கு அவரைப் பந்தியில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அதற்கு முந்தின நாள் ஏரிக்கரை மேட்டுப் புதரில் கையெல்லாம் முள் கிழிக்க ஒரு கூடை களாப்பழம் பறித்து வந்தாள். யாமினி சொன்ன முறை சுலபம். சர்க்கரையும் தண்ணீரும் கொதித்ததும் பழத்தைப் போடு, பட் பட் என்று வெடிக்கும், எல்லாம் வெடித்து அடங்கினால் இறக்கிவிடு.

ஜாத்திரை அன்று காலையிலேயே சம்பத்தின் தங்கை அம்சவேணி காளஹஸ்தியிலிருந்து குடும்பத்தோடு வந்து இறங்கினாள். விரதம், படையல் என்றால் அவள் போலீஸ். கூழ், கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, கறி என்று அன்றைக்கு அந்த அடுப்பில் எது ஏறினாலும் கெங்கம்மா இலையில் வைத்த பிறகுதான் மனுசர் வாயில் படலாம். ஆக்குகிறவள் ருசி பார்க்கவே கூடாது. மற்ற நாட்களில் சுலோசனாவுக்கு இதில் சிரமம் இல்லை, கை அளவு அறியும். ஆனால் பிறந்ததிலிருந்து தின்று பார்க்காத ஒன்றை எந்த அளவில் காய்ச்சுவது? பழக்கத்தில் கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டாள். அம்சவேணி அந்தக் கையைப் பிடித்துக் குழாயடியில் கழுவிவிட்டாள்.

"அத்த வாயில வெச்சிடாத அண்ணி. அம்மாவுக்கு எச்சிலா வெப்ப?"

வேறு வழியில்லை, காதைத்தான் நம்ப வேண்டும். வெடிக்கிற சத்தத்துக்காகச் சுலோசனா அடுப்புப் பக்கத்திலேயே நின்றாள். பாகு கொதித்தது, பழம் புரண்டது, சத்தம் மட்டும் வரவில்லை. டிவியை அணைக்கச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அம்சவேணியும் வந்து குனிந்து காது கொடுத்தாள். ஒரு சட்டியை இரண்டு பேர் ஒட்டுக் கேட்கிற அழகை அந்த வீடு அதுவரை பார்த்ததில்லை. யாமினியைக் கேட்கலாம் என்றால் அங்கே நடுராத்திரி. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விட்டதில் சிவப்பு கறுஞ்சிவப்பாகி, கரண்டி நகர மறுத்தது.

கடைசியில் அம்சவேணிதான் கேட்டாள். "கொட்டைய எடுத்துட்டு ரெண்டா அறுத்துதான போட்ட? அறுத்த பழம் எப்டி வெடிக்கும்?"

களாப்பழத்தைக் கொட்டை எடுத்து, பால் போக உப்புத் தண்ணீரில் அலசாமல் இந்தப் பக்கத்தில் யாரும் அடுப்பில் ஏற்ற மாட்டார்கள். கை அதைத் தானாகச் செய்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு அவள் அவசரமாகக் கிண்ணத்தில் ஊற்றினாள். ஆறியதும் கவிழ்த்தால், சாஸ் என்று பேர் வைத்தது கிண்ணத்தின் உருவத்திலேயே களி மாதிரி எழுந்து நின்றது. தொட்டால் ஆடியது. அதையும் படையல் இலையில் வைத்தார்கள். கெங்கம்மா ஒன்றும் சொல்லவில்லை.

கற்பூரம் காட்டி முடித்து, கூடத்தில் பந்தி போட்டார்கள். சம்பத் வழக்கம் போலத் துண்டை உதறித் தோளில் போட்டார். சுலோசனா வாசலை மறித்து நின்று, இன்றைக்கு இது ஒன்றைத் தின்றுவிட்டு எங்கே வேண்டுமானாலும் போய்க்கொள் என்றாள். வந்தவர்கள் எதிரில் மறுக்க முடியாமல் அவர் பந்தியின் கடைசியில் உட்கார்ந்தார். அவள் கத்தியால் ஒரு துண்டு போட்டு இலையில் வைத்துவிட்டு, பரிமாறுவதை அம்சவேணியிடம் தள்ளிவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அவர் அதில் ஒரு விள்ளலை வாயில் போட்டு மென்றார். விழுங்கினார். அவசரப்படாமல் சொன்னார்.

"ஒன்னும் தெரில, சுலோசனா." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அன்னிக்கும் தெரில. நீ என் வாயையே பாத்துக்கினு இருந்த. அதான் அப்டி சொன்னேன்."

அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். முள் கிழித்த கையால் இலையை மடித்து எறிந்துவிடலாமா என்று இருந்தது. அது அடங்கியதும் வந்த துக்கம் கோபத்தைவிடப் பெரிசாக இருந்தது. ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, பெண்டாட்டிக்காக ஒரு புளிப்பைக் கற்பனை செய்து சொன்ன மனிதரை என்ன சொல்லித் திட்டுவது? எழுந்து போகவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவரும் எழுந்திருக்கவில்லை. "நீ துன்னியா?" என்று கேட்டார்.

இன்னும் இல்லை என்று தலையாட்டினாள்.

"துன்னு. துன்னுட்டு எப்டி கீதுன்னு எனக்கு சொல்லு."

ஊரில் எல்லோரையும் அவள்தான் கேட்டிருக்கிறாள், அவளை யாரும் கேட்டதில்லை. ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு வார்த்தை தேடினாள்.

"மொதல்ல சக்கரதான் தெரீது. இரு... இப்ப நாக்கு ஓரத்துல புளிப்பு ஏறுது. புளி மாதிரி இல்ல, மாங்கா மாதிரியும் இல்ல. தொண்ட கிட்ட போறப்ப கொஞ்சம் தொவர்க்குது."

அவர் இன்னொரு விள்ளலை வாயில் போட்டு, அவள் சொன்ன இடத்திலெல்லாம் நாக்கை வைத்து மெதுவாக மென்றார்.

"கறியோட?"

அவள் கறித்துண்டு ஒன்றைச் சேர்த்து மென்றாள். அவரும் சேர்த்துக்கொண்டார்.

"காரம் ஏறுது. இது போய் அத்த அடக்குது. அடக்கினு... இல்ல, முழுசா அடங்கல, ரெண்டும் சேந்து இன்னாவோ பண்ணுது."

அம்சவேணி குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

சம்பத் இலையை அவள் பக்கம் நகர்த்தினார். "இன்னொரு துண்டு வை," என்றார். "கொஞ்சம் மெதுவா சொல்லு."