ஹம்மிலிருந்து பிராங்க்ஃபர்ட்: ஒரு மனு நிலுவையில் இருக்க, இன்னொரு விசாவுக்கு

போன மார்ச் இரண்டாம் வாரம் நானும் மனைவி சுதாவும், ஜெர்மனியில் நாங்கள் வசிக்கும் ஹம் நகரிலிருந்து பிராங்க்ஃபர்ட் போய் வந்தோம். அமெரிக்க முதலீட்டாளர் விசாவுக்கான நேர்முகம். இதே வேலையாகப் போகிற சிலர் விவரம் கேட்டதால் எழுதுகிறேன்.

எங்கள் நிலை கொஞ்சம் சிக்கலானது. நிரந்தரமாகக் குடியேறுவதற்கான முதலீட்டாளர் மனுவை இரண்டு வருடம் முன்பு என் பெயரில் போட்டேன். இன்னும் முடிவு வரவில்லை. அதுவரை அங்கே போய்த் தொழில் நடத்த ஈ-2 என்று ஒரு தற்காலிக விசா உண்டு. ஆனால் அமெரிக்காவோடு அதற்கான ஒப்பந்தம் உள்ள நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான். ஜெர்மனிக்கு அந்த ஒப்பந்தம் இருக்கிறது, இந்தியாவுக்கு இல்லை. நான் மதுரைக்காரன், இந்திய பாஸ்போர்ட். சுதா யாழ்ப்பாணத்தில் பிறந்து நான்கு வயதில் ஹம்முக்கு வந்தவள், ஜெர்மன் பாஸ்போர்ட். ஆகவே இந்த முறை அவள்தான் விண்ணப்பதாரர், நான் ஒட்டிக்கொண்டவன். கால் குறைபாடுகளுக்கு ஏற்றபடி காலணி செய்வது அவள் தொழில். நியூ ஜெர்சியில் என் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் பட்டறைக்கு இடம் பிடித்து இயந்திரங்களும் வாங்கியாயிற்று. விசா கிடைக்காவிட்டால் எல்லாம் முடங்கிவிடும்.

வேக ரயிலில் மூன்று மணி நேரம்தான். சுதா மெதுவான ரயில்களில் போகலாம் என்றாள். நாடு முழுக்க மெதுவான ரயில்களில் செல்லுபடியாகும், மாதம் 63 யூரோ ஜெர்மனி டிக்கெட் இருவரிடமும் இருந்ததால் தனிச் செலவில்லை. காலை 10.12க்கு ஹம்மில் ஏறி, ஹாகனிலும் ஸீகனிலும் மாறி, 15.20க்கு பிராங்க்ஃபர்ட்.

ஹாகன் தாண்டியதும் பாதை லென்னெ ஆற்றோடு வளைந்து வளைந்து போகிறது. இடது பக்கம் உட்காருங்கள், பார்க்க வேண்டிய பாதை. ஸீகனில்தான் நான் முதுகலை படித்தேன். அப்போது ஹம்மில் உள்ள தமிழர் கோயில் தேர்த் திருவிழாவுக்கு வந்து வெறுங்காலோடு நடந்த என்னிடம், முன்பின் தெரியாத ஒரு பெண் “உங்கட பாதம் தட்டை. கவனிக்காட்டி முழங்கால் போயிடும்” என்றாள். அதுதான் சுதா. பிறகு ஒரு வருடம், சனிக்கிழமைதோறும் இதே ரயிலில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து இறங்குவாள்.

ஸீகன் நிலையத்தில் முப்பத்தைந்து நிமிடம் காத்திருந்தோம். மேட்டில் நான் இருந்த கட்டடம் தெரிந்தது.

“மூணாவது மாடி, கடைசி ஜன்னல்” என்றேன்.

“ஹீட்டர் ஒருநாளும் வேலை செய்யேல்ல. கோட்டோட இருந்துதான் சாப்பிட்டனாங்கள்” என்றாள். முகம் அந்த ஜன்னலிலேயே இருந்தது.

அடுத்த ரயிலில் வக்கீல் அனுப்பிய தாளை எடுத்தேன். “நிரந்தரமா குடியேற மனு போட்டுட்டு இதை எப்படித் தற்காலிகம்னு சொல்றீங்கன்னு நாளைக்குக் கேப்பாங்க. ஒரு தடவை சொல்லிப் பாரேன்.”

“பாடமாக்கத் தேவையில்லை. நான் உண்மையாவே திரும்பி வரத்தான் போறன். அஞ்சு வருஷம் இருப்பன். அங்கயே இருக்க ஏலாது.”

“இதை ஏன் ரெண்டு வருஷமா சொல்லல?”

“நீங்கள் கேக்கேல்லையே. கையெழுத்து வைக்கச் சொன்னியள், வைச்சன்.”

தாளை மடித்துப் பையில் வைத்தேன். அக்காவோடு ஒரே தெருவில் வாழ வேண்டும் என்பது என் ஆசை. அது இவளுடைய ஆசையும்தான் என்று நானாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நேர்முகம் 8.30க்கு. முதன்மை ரயில் நிலையத்திலிருந்து யு5 நகர ரயில் பிடித்து கீஸனர் ஸ்ட்ராஸெ நிறுத்தத்தில் இறங்கினால் அமெரிக்கத் துணைத் தூதரகம் நடை தூரம். உள்ளே ஒரு மணி ஐம்பது நிமிடம் காத்திருந்தோம். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அதிகாரி நடுவயதுப் பெண். எதிர்பார்த்த கேள்வியை ஜெர்மனில் கேட்டார். சுதா தயங்கவில்லை. தன் கைவினை மேற்படிப்புச் சான்றிதழ் இங்கே செல்லும், வீடும் ஹம்மில் இருக்கிறது, விசாக் காலம் முடிந்ததும் பட்டறையை விற்றுவிட்டுத் திரும்புவேன் என்றாள்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “மனு உங்கள் பெயரில். அது கிடைக்காவிட்டால்?”

“இவளோடு ஹம்முக்கு.”

“கிடைத்துவிட்டால்?”

வக்கீலின் தாளில் இந்தக் கேள்வி இல்லை. சுதா என்னைப் பார்த்தாள். “நேற்றுவரை அங்கேயே இருப்போம் என்றிருப்பேன். இப்போது இவளைக் கேட்காமல் முடிவெடுக்க மாட்டேன்” என்றேன்.

அவர் வெகுநேரம் தட்டச்சு செய்தார். பிறகு பாஸ்போர்ட்களை வைத்துக்கொண்டு, விசாவோடு தபாலில் வரும் என்றார். ஒன்பதாவது நாள் வந்தன.

போகிறவர்களுக்கு: நாங்கள் போனபோது கட்டணம் ஒருவருக்கு 315 டாலர். பெரிய பை கொண்டுபோகாதீர்கள். நிலுவை மனுவைப் பற்றிப் படிவமே கேட்கும். மறைக்காதீர்கள், நகலையும் எடுத்துப் போங்கள். உங்கள் நிலை வேறாக இருக்கலாம், வக்கீலைக் கேளுங்கள். ஆனால் அதற்கு முன்னால் வீட்டில் கேளுங்கள். நான் இரண்டு வருடம் தாமதித்தேன்.

மனு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. ஹம் வீட்டை விற்கும் பேச்சை விட்டுவிட்டு, ஐந்து வருடத்துக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறோம். ஜெர்மனியில் இப்படிக் கெடு வைத்து வீட்டை வாடகைக்கு விட வேண்டுமானால் ஒப்பந்தத்தில் காரணம் எழுத வேண்டும். சுதா பேனாவை என் பக்கம் தள்ளினாள். “நாங்களே திரும்பி வந்து குடியிருக்கப் போகிறோம்” என்று எழுதினேன்.