நான் பொட்டு வைத்த மரம்

தொண்ணூறுகளில் ஜேர்மனிக்கு வந்த எங்கள் ஆட்கள் பலர் உணவகங்களில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது, என் அப்பா மட்டும் மலைக்காட்டுக்குள் மரம் அரிந்துகொண்டிருந்தார். ஓட்டுக்குப் பதிலாகக் கூரையில் வேயும் மெல்லிய பலகைகள் செய்யும் ஆலை அது. காட்டில் மரம் வெட்டுவதும் ஆலையில் பலகை பிளப்பதும் ஒரே குடும்பம். நாலு தலைமுறைக் கதையை முதலாளி யார் அகப்பட்டாலும் சொல்லுவார். பூட்டன் ஓடைத் தண்ணீரில் சக்கரம் சுழற்றினாராம். தாத்தா காலத்தில் ஆலை எரிந்து சாம்பலானதாம். முதலாளியின் அப்பா திரும்பக் கட்டி, கட்டி முடித்த அன்று வாசலில் ஒரு லார்ச் மரக்கன்று நட்டாராம். கண்ட மரத்தையெல்லாம் வெட்டிய குடும்பம் கோடரி வைக்காத ஒரே மரம் அதுதான்.

நாங்கள் ஆலையின் மேல்மாடியில் குடியிருந்தோம். முதலாளியை அவருடைய பேரப்பிள்ளைகளைப் போல நானும் ஓப்பா என்று கூப்பிடுவேன். எனக்கும் ஒரு தாத்தா தேவையாக இருந்தது.

எனக்கு ஏழு வயதானபோது ஆயுத பூசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. இயந்திரங்களுக்கு ஓய்வு நாள். அப்பா ஓப்பாவிடம் கேட்டுக்கொண்டு, மரம் அரியும் வாள்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தார். லார்ச்சை ஒருவரும் கவனிக்கவில்லை. அது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. குங்குமத்தை அம்மா எடுத்து வைத்துவிட்டார். கொட்டிலுக்குள் சிவப்பு ஸ்பிரே பெயின்ட் கிடந்தது. மரத்தின் நெற்றி என்று நான் முடிவுசெய்த இடத்தில் வட்டமாக ஒரு பொட்டு வைத்து, விழுந்து கும்பிட்டேன்.

வெட்டவேண்டிய மரங்களுக்கு அந்தப் பெயின்ட்டால்தான் குறி போடுவார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? மறுநாள் காலை ஓப்பா நகரத்துக்குப் போயிருந்தார். அப்பா உள்ளே வாளோடு நின்றார். அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த மரம்வெட்டி சிவப்பைக் கண்டான், வெட்டினான். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாசல் வெளித்துக் கிடந்தது.

"இஞ்சருங்கோ, நேற்று வாளுக்குப் பொட்டு வைச்ச நீங்கள்தான் மரத்துக்கும் வைச்சதெண்டு நினைப்பினம். இந்த வேலை போனால் விசாவும் போயிடும். பிள்ளையோட எங்க போறது?" என்று அம்மா அழுதார். அப்பாவின் வேலை நிரந்தரம் என்று ஓப்பா எழுதிக் கொடுக்கும் கடிதத்தை, அந்தக் கிழமைதான் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கொடுக்கவேண்டியிருந்தது. பயத்தில் நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். அப்பா அடிக்கவில்லை.

"ஆர் கேட்டாலும் நீ வாய் திறக்கக்கூடாது. நான்தான் செய்தனான். விளங்குதோ?"

"ஓம்" என்றேன்.

பின்னேரம் ஓப்பா வந்தார். விழுந்து கிடந்த மரத்தின் பக்கத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் நின்றார். அப்பா தன் உடைந்த ஜேர்மனில், இது எங்கள் வழக்கம், பொட்டு வைத்தது நான்தான், பிழை முழுக்க என்னுடையது என்றார். ஓப்பா சட்டைப்பையிலிருந்து மடக்கு அளவுகோலை எடுத்து, வெட்டுண்ட அடியிலிருந்து பொட்டு வரைக்கும் அளந்தார். அது அப்பாவின் இடுப்பு உயரம்கூட வராது. ஓப்பா ஆறடி அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அம்மாவின் பின்னால் ஒளிந்து நின்ற என்னைப் பார்த்தார்.

அளவுகோலை மடக்கினார். நாளைக்குக் கடிதத்தைக் கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு மெதுவாக நடந்து போனார்.

அப்பா சொன்ன பொய்யை அப்படியே நம்பிவிட்டாரே, பாவம், வயது போய்விட்டது என்று எனக்கு ஓப்பாமேல் இரக்கமாக இருந்தது.