தொங்கக் கூடாத மரம்

குற்றாலத்தில் சாரல் நேரம் ரோட்டோரமாகச் செடி விற்பார்கள். போன விடுப்பில் வந்திருந்தபோது என் வீட்டுக்காரர் அங்கே ஒரு பாட்டில் பிரஷ் கன்று வாங்கிவந்து, தென்காசி வீட்டு வாசலில் நட்டுவிட்டு சவூதிக்குப் போனார். அந்த ஒப்பந்தத்தோடு சவூதி வேலையை முடித்துக்கொண்டு, செங்கோட்டை ரோட்டில் கடை போடுவதாகப் பேச்சு. அதை நம்பித்தான் நான் ஓடிக்கொண்டிருந்தேன். படுக்கையில் கிடக்கும் அவரைப் பெற்ற மாமி, இரண்டு பிள்ளைகள், போதாததற்கு ஒரு மரம்.

ஆள் உயரம் வந்ததும் அதன் கிளையெல்லாம் தரையைப் பார்த்துத் தொங்க ஆரம்பித்தது. அதன் சுபாவமே அதுதான். ஒடுங்கிய இலை, மெலிந்த கிளை, நுனியில் பாட்டில் கழுவுகிற பிரஷ் போலவே சிவப்புப் பூ. பூ உதிர்ந்த பிறகும் அதே கிளை நீண்டு இன்னும் கீழே இறங்கும். தேன்சிட்டுகள் வரும். தண்ணீரும் பெரிதாகக் கேட்காது. அந்த வீட்டில் என்னைப் படுத்தாத ஒரே ஜீவன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வீடியோ காலில் வருவார். மாமியைக் காட்ட வேண்டும், பிறகு மரத்தைக் காட்ட வேண்டும்.

"ஏட்டி, தண்ணி ஊத்துதியா இல்லையா? இப்படி வாடித் தொங்குது?"

"வாடலைங்க. தொங்குத சாதி அது."

"சும்மா சொல்லாத."

வாராவாரம் இதே பேச்சு. அலுத்துப்போய் ஒருநாள் பழைய லுங்கியைக் கிழித்து, கிளைகளை மொத்தமாக இழுத்து ஜன்னல் கம்பியில் கட்டினேன். கேமராவில் மரம் நிமிர்ந்து நின்றது. அவருக்கு ஒரே சந்தோஷம். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. கால் வருவதற்குள் மரத்தைக் கட்டு, மாமிக்குத் தலைசீவித் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வை, என் முகத்துக்கும் கொஞ்சம் பவுடர். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். வெயிலில் கிடந்து உழைக்கிறவரிடம் குறை சொல்லக் கூடாதாம்.

ஒப்பந்தம் முடிகிற மாதம் அவர் எங்களையெல்லாம் வரிசையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அங்கன எல்லாம் நல்லாத்தான இருக்கு. கம்பெனிக்காரன் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்லுதான். சரின்னுட்டேன்."

என்னால் முடியவில்லை, வந்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாமி போனைப் பார்த்துச் சிரித்தார்.

"இருந்துட்டு வாய்யா. இங்கன ஒரு குறையுமில்ல."

நானும் "சரிங்க" என்றேன். போன் அணைந்ததும் மாமி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. தேற்றுவதற்கு எனக்குத் தெம்பில்லை. கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.