மந்திரம் திரும்பி வந்த கதை

எழுபதுகளின் கடைசியில் நானும் என் ஹாஸ்டல் தோழனும் ஞாயிறுதோறும் கீழக்குயில்குடிக்கு சைக்கிளில் போவோம். மலையில் சமணர் படுக்கைகளில் காலை நீட்டிக்கொண்டு, நடக்காத ஒரு வரலாற்றை நடந்ததாகச் சொல்லிக்கொள்வோம். அதில், வறண்ட ஒரு கோடையில் உலகத்துக்கு மந்திரம் திரும்பி வரும். வந்து இறங்குவது எங்கள் மலைச் சுனையில்தான். அந்தத் தண்ணீர் பட்டால் நினைத்தது நடக்கும், டவுன்பஸ் டீசல் இல்லாமல் ஓடும். இதெல்லாம் அவன் சரக்கு. நான் சேர்த்தது ஒரே ஒரு சட்டம்: பொய் சொன்னவன் அந்தத் தண்ணீரைத் தொட்டால் அவன் நாக்கு கறுத்துவிடும்.

"எதுக்கு மாப்ள இம்புட்டு கறாரு?" என்று சிரிப்பான்.

பிறகு நான் வெளியூரில் வாத்தியாரானேன். கல்யாணமாகிச் சில வருடமாகியும் பிள்ளையில்லை. விடுமுறையில் வந்த என்னை, டி. கல்லுப்பட்டிப் பக்கம் குறி சொல்லும் சாமியிடம் அம்மா இழுத்துப் போனாள். உள்ளே நுழையும்போதே குரல் கேட்டது.

"சமணமலைச் சுனையில மந்திரம் திரும்பி வந்துருச்சு, தாயீ."

அவனேதான். என்னைப் பார்த்த பிறகும் அந்தப் படுபாவியின் குரல் பிசகவில்லை. அவனை முன்பின் பார்த்திராத அம்மா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

"நீயும் விழுடா. சாமிகிட்ட என்ன கௌரவம்?"

விழுந்தேன். சொம்பிலிருந்த அந்தச் சுனைத் தண்ணீரில் கையை விட்டு என் தலையில் தெளித்தான். நிமிர்ந்து அவன் வாயையே பார்த்தேன்.

வெற்றிலை போட்ட நாக்கு. நல்ல சிவப்பு.