எட்டாவது ஆள்

மணி அடித்தபோது அவர் முகம் முழுக்கச் சோப்பு. பதறாமல் இன்னும் கொஞ்சம் நுரை எடுத்துக் காதுக்குப் பின்னால் தேய்த்தார். மணி ஓய்ந்ததும் சட்டமன்ற அவையின் கதவுகளுக்குத் தாழ் போட்டுவிடுவார்கள். அப்புறம் எந்த உறுப்பினரும் உள்ளே போக முடியாது, வெளியே வரவும் முடியாது. முகம் கழுவிக்கொண்டிருந்தேன், மணி காதில் விழவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். காதிலும் சோப்புதானே.

கண்ணாடியில் அவருக்குப் பின்னால் கொறடா தெரிந்தார்.

கட்சி உறுப்பினர்களைத் தேடிப் பிடித்து ஓட்டெடுப்புக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது கொறடாவின் வேலை. வயதில் சின்னவர். யாரையும் அதட்டி ஒருவரும் பார்த்ததில்லை. ஆணியில் தொங்கிய துண்டை எடுத்து நீட்டினார்.

"தொடச்சுக்குங்கண்ணே. கண்ணு எரியப் போகுது."

கூட்டத்தொடரின் கடைசி வாரங்கள் அப்படித்தான். மாதக்கணக்கில் தூங்கிக் கிடந்த மசோதாக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் விழித்துக்கொள்ளும். தொடர் முடிவதற்குள் நிறைவேறாதவை செத்துப்போகும் என்பதால் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற கூட்டம் மாதிரி முண்டியடிக்கும். முகம் கழுவிக்கொண்டிருந்தவருக்கு அந்தக் கூட்டத்தை நன்றாகத் தெரியும். பஸ் கண்டக்டராகப் பாதி ஆயுளைப் படிக்கட்டில் தொங்கியே கழித்தவர். எம்.எல்.ஏ. ஆன பிறகும் அவையில் அவருக்குக் கண்டக்டர் என்றுதான் பெயர். எதிர்க்கட்சிக்காரர்கள் கிண்டலாகக் கூப்பிட்டார்கள், சொந்தக் கட்சிக்காரர்கள் பிரியமாகக் கூப்பிட்டார்கள். கேட்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தது.

காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்வரை உட்கார வேண்டும். இடைவேளையில் தாழ்வாரத்துக்கு வந்தால் தொகுதிக்காரர்கள் தூணுக்கொருவராக நிற்பார்கள்: மகனுக்கு இடமாற்றம், தெருவுக்குத் தண்ணீர், கொழுந்தனாருக்குக் கடன். எல்லோருக்கும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, டீயை வாயில் ஊற்றிக்கொண்டு, மணி அடித்ததும் ஓடிவர வேண்டும்.

இன்றைய மசோதா சிறிய ஊர்களின் அரசு ஆஸ்பத்திரிகளை மூடிப் பெரிய ஆஸ்பத்திரியோடு இணைப்பது. மூடப்படுபவற்றில் அவருடைய ஊர் ஆஸ்பத்திரியும் இருந்தது. அங்கே பிரசவ வார்டில் அவருடைய அக்கா நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலையை அவரைவிட அறிந்தவர் யாரும் இல்லை. எந்த வளைவில் கர்ப்பிணிகள் வாந்தி எடுப்பார்கள், எந்தப் பாலத்துக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கத்துவார்கள் என்பதுவரை தெரியும். அவர் பஸ்ஸிலேயே ஒரு குழந்தை பிறந்திருக்கிறது. பிழைக்கவில்லை.

அதையெல்லாம் விவாதத்தில் பேசத் தயாராக வந்தார். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார்கள். கடைசியில் நேரமில்லை, மீதியிருக்கும் மசோதாக்கள் அனைத்தும் விவாதமின்றி ஓட்டுக்கு விடப்படும் என்று அறிவித்துவிட்டார்கள்.

காலையில் அக்கா போன் செய்தபோது இதைச் சொன்னார்.

"உனக்கு ஓட்டுப் போட்டதுல பாதிப் பேரு என் கையில விழுந்தவங்கடா."

"எதிர்த்து ஓட்டுப் போட்டா பதவி போயிடும்க்கா. ஆனா ஆதரிச்சும் நான் எழுந்து நிக்க மாட்டேன். அது மட்டும் சத்தியம்."

"நிக்க வேணாம். உக்காந்தே இரு. அது ஒண்ணும் கஷ்டமான வேலை இல்லையே."

முகத்தைத் துடைத்து முடித்ததும் கொறடா அவருடைய தோளில் கைபோட்டு நடத்திக்கொண்டு போனார். கை கனக்கவில்லை. ஆனால் விலகவும் இல்லை.

"உங்க ஊரு ஆஸ்பத்திரின்னு எனக்குத் தெரியாதாண்ணே? அதனாலதான் நீங்க உள்ள இருக்கணும். நீங்களே ஆதரிச்சிட்டா அங்க வேற யாரு வாயைத் திறப்பா?"

"இருக்கேன். உக்காந்திருக்கேன்."

கொறடா சிரித்தார். அவர்கள் நுழைந்ததும் முதுகுக்குப் பின்னால் தாழ் விழுந்தது.

பக்கத்து இருக்கைக்காரர் பழைய மளிகைக்கடைக்காரர். அரைத்தூக்கத்தில் இருந்தார். இது எந்த மசோதா என்று கேட்டார். ஆஸ்பத்திரி என்றார் கண்டக்டர். "ஏன், யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றார் மளிகை.

குரல் ஓட்டில் முடிந்திருக்க வேண்டியதை எதிர்க்கட்சி விடவில்லை. தலைகளை எண்ண வேண்டும் என்றது. ஆதரிப்பவர்கள் வரிசை வரிசையாக எழுந்து நிற்க வேண்டும். அவைச் செயலக ஊழியர் ஒருவர் நடைபாதையில் வந்து எண்ணிச் சொல்வார். வரிசைக்கு எட்டு இருக்கை.

அவர்களுடைய வரிசையை அழைத்தார்கள். மளிகை மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள். கண்டக்டர் உட்கார்ந்திருந்தார். இரு பக்கமும் வேட்டிகளும் பேண்ட்டுகளும் சுவர் எழுப்பியதுபோல் உயர்ந்தன. முழங்கால்களைக் கைகளால் அழுத்திக்கொண்டார். அக்கா சொன்னது தப்பு, இதைவிடக் கஷ்டமான வேலை ஒன்றை அவர் செய்ததில்லை.

ஊழியர் அந்த வாரம் முழுக்க எண்ணிக்கொண்டிருந்தவர். ஆளுங்கட்சி வரிசை என்றால் எட்டு, அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. நடையை நிறுத்தாமலே, "எட்டு," என்றார்.

"ஏழு," என்றார் கண்டக்டர்.

யாருக்கும் கேட்கவில்லை. மளிகைக்குக் கேட்டது. மற்றவர்களோடு திரும்ப உட்காரும்போதே, "விடுய்யா," என்றார். ஊழியர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். கண்டக்டர் குரலை உயர்த்தினார். என்னைச் சேர்க்காதீர்கள் என்றார். அவை சலசலத்தது. சபாநாயகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"உறுப்பினருக்கு ஏதாவது சொல்லணும்னா எழுந்து சொல்லணும். உக்காந்துக்கிட்டு பேசினா அவைக்குறிப்புல ஏறாது."

அது எல்லோருக்கும் உள்ள விதி. அவையில் காலடி வைத்த அன்றே சொல்லிக் கொடுப்பது. அவரே புது உறுப்பினர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நாலு வருஷப் பழக்கம், கால்கள் அவரைக் கேட்கவில்லை. எழுந்தார்.

"நான் எழுந்திருக்கல," என்றார்.

எதிர்க்கட்சிப் பக்கத்திலிருந்து சிரிப்பு கிளம்பியது. இந்தப் பக்கமும் சிரித்தார்கள். அவையே ஒன்றாகச் சிரித்தது அந்தத் தொடரில் அதுதான் முதல் தடவை. சபாநாயகரும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"உறுப்பினர் நிற்கிறார். அவை பார்க்கிறது. எட்டுதான். உட்காரலாம்."

அவர் உட்காரவில்லை. இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லச் சொல்ல நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. கதவைப் பார்த்தார். காவலர் தாழுக்கு முதுகைக் கொடுத்து நின்றார். மளிகை அவருடைய வேட்டியைப் பிடித்து மெல்ல இழுத்தார். உட்கார்ந்தார்.

மசோதா நிறைய ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. அவரை எண்ணாமல் விட்டிருந்தாலும் நிறைவேறியிருக்கும். கொறடா பின்னால் வந்து குனிந்து, "நல்லா சமாளிச்சீங்கண்ணே," என்றார். கிண்டலா என்று கண்டக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். கிண்டல் இல்லை.

மறுநாள் அவை கொஞ்ச நேரமே நடந்தது. ஒருவரையொருவர் பாராட்டிப் பேசினார்கள். தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்தார்கள். வெளியே குழுப்படம் எடுத்தார்கள். மளிகை வீட்டுச் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்தார். கண்டக்டர் மதியம் புறப்பட்டு இருட்டுவதற்கு முன் ஊருக்கு வந்தார். அக்கா டியூட்டியில் இருந்தாள். வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே ஒருத்தி முனகிக்கொண்டிருந்தாள். அக்கா ஒருமுறை வெளியே வந்து அந்தப் பெண்ணின் புருஷனைக் கூப்பிட்டு ரத்தம் கொடுக்க ஆள் தேடச் சொன்னாள். இவரிடம் சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றார். அவள் உள்ளே போனாள். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் வந்து மசோதாவைப் பற்றிக் கேட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் வசதிகள் அதிகம் என்று கண்டக்டர் சொன்னார். ரெக்கார்டர் வேலை செய்யவில்லை என்று பத்திரிகைக்காரர் சொன்னதால் இன்னொரு தடவை சொன்னார்.